இல்லாத அலுவலகம்

இந்தப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டை ஐந்தாம் அத்தியாயம் வரைக்கும் படித்த ஜீவன் ஒன்று இருக்கிறது என்றால், அதைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்பது என் கட்சி. சித்திக்கு அதைப் பிடித்தால் மட்டும் போதுமாம்.

நாங்கள் மூன்று பேரும் கேண்டீன் மூலையில் உட்கார்ந்திருந்தோம். சித்தி என் அம்மாவின் தங்கை. துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் பயந்துவிடாதீர்கள்: ஓர் அறை, இரண்டு நாற்காலி, நான். எதிரே என் அக்கா. அவள் முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்து, அந்த ஆடையும் சுருங்கிப் போயிருந்தது.

பட்டம் வாங்கப் படித்தால் போதும் என்று நினைக்கிற அப்பாவிகளுக்காகச் சொல்கிறேன். படித்து முடித்த பிறகு, 'நான் படித்து முடித்துவிட்டேன், பட்டம் கொடுங்கள்' என்று விண்ணப்பம் வேறு போட வேண்டும். கடைசி செமஸ்டரில் அதுதான் பிழைப்பு. நூலகத்தில் புத்தகம் பாக்கி இல்லை என்று ஒரு கையெழுத்து. தங்காத ஹாஸ்டலில் தட்டு, டம்ளர் பாக்கி இல்லை என்று ஒரு கையெழுத்து. விளையாட்டுத் துறையில் கிரிக்கெட் மட்டையை அபகரிக்கவில்லை என்று ஒரு கையெழுத்து. அக்கா தன் வாழ்நாளில் மட்டையைத் தொட்டது, என்னை அடிக்க ஓங்கியபோது மட்டும்தான். அத்தனையும் வாங்கி, வாய்மொழித் தேர்வும் முடித்து, விண்ணப்பத்தையும் கொடுத்தாகிவிட்டது. அப்போதுதான் டீன் அலுவலகத்துக்கு அந்த ஃபோன் வந்தது.

"குரலை மாத்திப் பேசினானாம் சித்தி. ஜலதோஷம் பிடிச்ச மாதிரி. 'அந்த அம்மாவோட தீசிஸ்ல அஞ்சாம் அத்தியாயத்துல ஒரு ஆபீஸ் வருதே, அப்படி ஒரு ஆபீஸே கிடையாது, எல்லாம் கற்பனை'ன்னு சொல்லியிருக்கான். டீனோட செயலாளர் அம்மா எழுதிக்கிட்டே 'அஞ்சாவது பாடமா சார்?'னு கேட்டிருக்காங்க. 'பாடம் இல்லம்மா, அத்தியாயம்'னு திருத்திட்டு வெச்சுட்டானாம்" என்று முடித்தாள் அக்கா.

"திருத்தினானா?" என்று சித்தி ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

அக்காவின் ஆய்வு, மனிதர்கள் காத்திருப்பதைப் பற்றியது. பேருந்து நிறுத்தம், மருத்துவமனை, வாடகை வீட்டுத் தரகர் வாசல் என்று ஊரெல்லாம் போய், காத்திருப்பவர்களோடு காத்திருந்து எழுதினாள். ஏழு வருடம். அவள் சேர்ந்தபோது எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த மகள் இப்போது அம்மாவுக்கு அல்ஜீப்ரா சொல்லித் தருகிறாள். அவள் கணவர், எங்கள் மாமா, சமையலில் தேறிவிட்டார். எங்கள் குடும்பத்தில் இந்த ஆய்வால் உருப்படியாக ஏதாவது கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

"அடுத்த செமஸ்டர்ல வாங்கிக்கக் கூடாதா?" என்றேன்.

"அடுத்த செமஸ்டரே எனக்குக் கிடையாதுடா. குடுத்த நீட்டிப்பு எல்லாம் இந்தத் தடவையோட முடியுது. இன்னிக்குச் சாயங்காலம் டீன் ஆபீஸ் மூடறதுக்குள்ள புகாருக்குப் பதில் போகலேன்னா என் பதிவே காலி. ஏழு வருஷமும் குப்பை. காலேஜ்ல வேலை தர்றேன்னு சொன்னவங்களும் கையை விரிச்சுடுவாங்க." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அது எந்த ஆபீஸ்னு சொல்லிட்டா முடிஞ்சுது" என்றாள் சித்தி.

"சொல்ல மாட்டேன் சித்தி. அங்க காத்துக்கிட்டிருந்தவங்ககிட்ட, பேரும் இடமும் வெளிய வராதுன்னு வாக்கு குடுத்துதான் பேச வெச்சேன். சொன்னா அவங்க கதி அதோகதி. உங்ககிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்."

"வேற வழி?"

"ஆய்வுக்கு வழிகாட்டற கைடு ஒரு சான்று குடுத்தாப் போதும். 'கள ஆய்வு நடந்த இடங்கள் உண்மை'ன்னு ரெண்டு வரி. அவர் மாட்டேங்கறார். 'நான் படிக்கலையேம்மா, படிக்காம எப்படிக் கையெழுத்துப் போடறது'ங்கறார்."

"இத்தனை வருஷமா எதைப் படிச்சுட்டுப் போட்டாராம்?" என்றேன்.

"எதையும் படிச்சதில்ல. அவர் அப்படித்தான்."

சித்தி என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சியாடா, உங்க அக்கா தீசிஸை?"

"படிக்காம? ரெண்டு தடவை."

"அந்த யானை வர்ற இடம் எப்படி இருந்துது?"

"அடடா! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு சித்தி."

அக்கா என்னையே பார்த்தாள். "தீசிஸ்ல யானையே இல்லடா, எருமை."

என் முகத்தில் வழிந்த அசட்டைத் துடைக்க அந்தக் கேண்டீனில் இருந்த துணி போதாது. சித்திக்கோ முகமெல்லாம் பிரகாசம். அவள் உண்மையிலேயே படித்திருந்தாள். அக்கா கொடுத்த வரைவை, வரி வரியாக, பென்சிலோடு.

"ஃபோன் பண்ணினவனை விடு. அஞ்சாம் அத்தியாயம் வரைக்கும் படிச்சவன் எவன்னு பாரு. பைண்ட் பண்ணின காப்பி, கைடையும் சேத்து, கமிட்டி ஆளுங்க மூணு பேர்கிட்ட மட்டும்தான் இருக்கு. என்னைத் தவிர இந்த ஊர்லயே அதைப் படிச்ச ஒரே ஆள் அந்த மூணுல ஒருத்தன். எழுந்திரு. நாம ரெண்டு பேரும் புத்தகக் கம்பெனி. உங்க அக்கா தீசிஸைப் புத்தகமா போடப் போறோம். மூஞ்சியைக் கொஞ்சம் படிச்சவன் மாதிரி வெச்சுக்கோ."

"இங்க இருக்கறவங்க மாதிரியா, நிஜமாவே படிச்சவன் மாதிரியா?"

"வாயை மூடிக்கிட்டு வா."

அக்காவைக் கேண்டீனிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

முதலில் துறைத் தலைவி. அறை முழுக்கப் பரிசுக் கேடயங்கள். ஒன்றிலும் பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லை. பிரித்தால் தங்கம் உதிர்ந்துவிடும் என்ற பயமோ என்னவோ. புத்தகம் என்ற சொல் சித்தியின் வாயிலிருந்து விழுந்ததுமே அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அருமையான ஆய்வு. ஒரே மூச்சுல படிச்சேன். முன்னுரை நான்தானே எழுதணும்?"

"நீங்க எழுதாம வேற யாருங்க மேடம்?" என்றாள் சித்தி. "அந்த யானை வர்ற பகுதியை மட்டும் கொஞ்சம் சுருக்கலாமான்னு ஒரு யோசனை."

"ஐயையோ, கையை வெச்சுடாதீங்க! யானைதான் இந்த ஆய்வுக்கே முதுகெலும்பு. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

நான் இருமினேன். சித்தி என் காலை மிதித்தாள்.

"முன்னுரையோட என் ஃபோட்டோவும் வரும் இல்ல? பின் அட்டையில போடறதா, உள்ளயா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் வாசல் வரை வந்தார். வாசலில் வைத்து, நல்லதாக ஒன்றை எடுத்து அனுப்புவதாகவும் சொன்னார்.

அடுத்தவர் கமிட்டியின் இரண்டாவது உறுப்பினர். தாடி வைத்திருந்தார். தாடியைத் தவிர அவரிடம் நினைவில் நிற்கிற மாதிரி ஒன்றும் இல்லாததால் தாடி என்றே சொல்கிறேன். அக்காவின் வாய்மொழித் தேர்வில் இவர் ஆரம்பத்தில் தூங்கியவர், கைதட்டலுக்குத்தான் விழித்தாராம். மேஜை மேல் அக்காவின் ஆய்வேடு கிடந்தது. அதன் மேல் காபி டம்ளர் வைத்து வைத்து, அட்டையில் வட்டம் வட்டமாகக் கறை.

"யானை விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல" என்று தாடியைத் தடவினார். "ஒரு யானையை வெச்சுக்கிட்டுப் பொதுமைப்படுத்த முடியாது. தரவு போதாது. வைவாவுலயே இதைக் கேட்டேன். பாவம், அந்தப் பொண்ணுக்குப் பதில் சொல்லத் தெரியல."

"எத்தனை யானை இருந்தாப் போதும் சார்?" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை.

"அது ஆய்வு முறையைப் பொறுத்தது."

வெளியே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. வீட்டுச் சமையல், குழந்தையின் காய்ச்சல், கல்யாணம், காட்சி என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு அக்கா ஒவ்வொரு வரியாக எழுதினாள். இவர்களுக்கு அது டம்ளர் வைக்கிற பலகை. நியாயமாகப் பார்த்தால் இந்த இருவரையும் யானையை விட்டே மிதிக்க வைக்க வேண்டும்.

"ரெண்டு பேரும் சுத்தம்" என்றாள் சித்தி. "தொட்டுக்கூடப் பாக்கல. இதுங்க எங்க அஞ்சாம் அத்தியாயத்துக்குப் போறது? வா, கைடைப் பாப்போம்."

கைடின் அறை மாடியில், நீண்ட தாழ்வாரத்தின் கடைசியில். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்தால் உள்ளே போகக் கூடாது என்று அர்த்தம். வாசலில் ஒரு பெஞ்சு. ஒரு கால் குட்டை, கீழே செங்கல் துண்டு. பெஞ்சுக்குப் பின்னால் சுவரில், உட்காருகிறவர்களின் தலை படுகிற உயரத்தில், வரிசையாக எண்ணெய்க் கறை. எத்தனை வருடத்துத் தலைகளோ. இன்றைய தலைகள் நான்கும் மடியில் கோப்புகளோடு சாய்ந்திருந்தன. எல்லாம் ஆய்வு மாணவர்கள். நாங்களும் ஒண்டிக்கொண்டோம்.

உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. பேராசிரியர் ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார் போல என்று நினைத்தேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிசாக ஓர் இசை வந்தது. மூன்றே ஸ்வரம், ஒன்றைவிட ஒன்று கீழே இறங்கி, சோகமாக முடிந்தது. பெஞ்சில் இருந்த நான்கு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். காலை மடித்து எழத் தயாராக இருந்த ஒரு பெண் மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும் ரொம்ப நேரமாகும்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் கதவைக் காட்டிச் சிரித்தான்.

சித்தி திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள். செங்கல்லைப் பார்த்தாள். திரும்பிச் சுவரில் இருந்த கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் முதல் வரிசை கிடைத்தவள் போலச் சப்பணம் போட்டு அமர்ந்தாள். என்ன என்று கேட்டேன். உஸ் என்றாள்.

விளக்கு அணைந்ததும் மாணவர்கள் எங்களை முதலில் போகச் சொன்னார்கள். வெளியாட்கள் என்ற மரியாதை. அங்கே மரியாதை தெரிந்தவர்கள் பெஞ்சில்தான் இருந்தார்கள்.

கைடு சதைப்பிடிப்பான, சிரித்த முகக்காரர். நான் பேச்சை ஆரம்பிக்கச் சுவரைக் காட்டி, "கப்பல் படம் நல்லா இருக்கு சார்" என்றேன்.

"கப்பல் இல்ல தம்பி, பாய்மரப் படகு."

"ஓ. ரூமும் நல்லாப் பெரிசு."

"பெரிசு இல்ல. கூரை உயரம். அதனால அப்படித் தோணுது."

இந்தப் பேராசிரியர்களுக்கு இது ஒரு வியாதி. தவறாக ஒரு வார்த்தை காதில் விழுந்தால் சொறிந்தே ஆக வேண்டும். வீட்டில் மனைவி 'மழை வரும்போல இருக்கே' என்றால்கூட 'மழை இல்லை, தூறல்' என்று சொல்லிவிட்டுத்தான் துணியை எடுக்கப் போவார்கள்.

சித்தி புத்தகக் கதையை எடுத்துவிட்டாள். கைடு கைகளை மேஜை மேல் கோத்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்கம்மா. அந்த ஆய்வு மேல ஒரு புகார் இருக்கு. அது தீர்ந்தாத்தான் பட்டமே. நான் உண்மையைச் சொல்லிடறேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. அதுல ஒரு பக்கம்கூட நான் படிக்கல. நேரம் இல்ல. படிக்காம எப்படி நல்லா இருக்குன்னு சொல்றது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே."

எனக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது. இந்தக் கட்டடத்தில் வாயைத் திறந்து உண்மை பேசிய முதல் ஆள்.

"பெரிய மனசு சார்" என்றாள் சித்தி. "உங்க நம்பர் குடுங்க, அப்புறமா பேசறேன். ஃபோன் புதுசா? ஒரு கீறல்கூட இல்லையே."

"ஆமாம்மா. பழசு வாஷ் பேசின்ல விழுந்துடுச்சு. புதுசு வர்ற வரைக்கும் ஒரு வாரம் கை ஒடிஞ்ச மாதிரி இருந்தேன். இந்த ரூம்ல உக்காந்துக்கிட்டுப் பொழுதே போகல."

சித்தி அனுதாபமாகத் தலையாட்டினாள். நாங்கள் வெளியே வந்தோம். கதவு சாத்தியதும் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

தாழ்வாரத்தின் மறு கோடியில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், நான் கையை உதறினேன். "கேஸ் முடிஞ்சுது சித்தி. இந்த ஊர்ல ஒருத்தனும் படிக்கல. வெளியாள் எவனோ. அக்கா பாவம். கைடாவது நல்ல மனுஷன்."

"டேய், இங்க படிக்காதவன் என்ன சொல்றான்?"

"படிச்சேன்னு சொல்றான். யானை மேல ஏறி உக்காந்துக்கிட்டு."

"படிக்காதவனெல்லாம் படிச்சேன்னு சொல்ற இடத்துல, ஒருத்தன் மட்டும் வலிய வந்து படிக்கலேங்கறான். அவனை என்னன்னு சொல்றது?"

நான் சிவப்பு விளக்கைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஏழு வருஷமா படிக்காமக் கையெழுத்துப் போட்டவருக்கு இந்த வாரம் மட்டும் ஏன் மனசாட்சி முளைக்குது? ஒரு வாரம் ஃபோன் இல்ல. பொழுது போகல. மேஜை மேல தீசிஸ் கிடக்குது. அந்த மாதிரி ஆள் வேற வழி இல்லாம என்ன பண்ணுவான்?"

"அடப்பாவி, படிச்சிருப்பான்!"

"அதான்."

"சரி சித்தி, படிச்சா படிக்கட்டும். எதுக்குக் குரலை மாத்தி ஃபோன் பண்ணணும்? அக்கா அவருக்கு என்ன கெடுதல் பண்ணினா?"

"நீ படிச்சிருந்தா தெரியும்." சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "அவர் படிச்சார்னு அவர் வாயாலயே வரணும். நீ சும்மா நில்லு. சிரிச்சே, வீட்டுக்கு நடந்துதான் வரணும்."

இந்த முறை சித்தி விளக்கைப் பொருட்படுத்தவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கைடு ஃபோனை அவசரமாகத் தாள்களுக்கு அடியில் செருகினார்.

"மன்னிச்சுக்குங்க சார், ஒண்ணே ஒண்ணு மறந்துட்டேன்" என்று சித்தி உட்காராமலே பேசினாள். "புத்தகம் வர்றதுக்கு முன்னாடி, அஞ்சாம் அத்தியாயத்தை மட்டும் ஒரு பத்திரிகைல போடலாம்னு நெனைக்கிறோம். நீங்க படிக்கலேன்னீங்க, அதனால நானே சொல்றேன். ஒரு ஆபீசர் சார். வெளிய ஜனங்க காத்துக் கிடக்குது. இவர் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு ஃபோன்ல சீட்டு விளையாடறார்..."

"சீட்டு இல்லம்மா, செஸ்."



கைடின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, ஆனால் அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பாய்மரப் படகைப் பார்த்தேன்.

"அதாவது... ஃபோன்ல இப்ப எல்லாரும் செஸ்தானே விளையாடறாங்க. பொதுவா சொன்னேன்."

"டீனோட செயலாளர் 'பாடம்'னு சொன்னப்பவும் பொதுவாத்தான் திருத்தினீங்களா சார்?" சித்தி இப்போதுதான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "புத்தகக் கம்பெனி எல்லாம் சும்மா. நான் அந்தப் பொண்ணோட சித்தி. துப்பறியறது தொழில். இவன் அவ தம்பி. இவனையும் நான்தான் வெச்சு மேய்க்கிறேன்."

"நீங்க பேசறது கொஞ்சம்கூட..."

"இருங்க. அப்படி ஒரு ஆபீஸே கிடையாதுங்கறதுதானே புகார்? இருக்குன்னு காட்டணும்னா, எங்கன்னு சொல்லணும். அவ சொல்ல மாட்டா. இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கற பசங்களுக்கு வாக்கு குடுத்திருக்கா. நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல. செங்கல் முட்டுக் குடுத்த பெஞ்சு, தலை எண்ணெய் படிஞ்ச சுவர், கதவு மேல சிவப்பு விளக்கு, எல்லாம் அவ எழுதியிருக்கா. டீனைக் கூட்டிக்கிட்டு வந்து அதுல உக்கார வெக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு பாட்டு வருமாமே, ஆபீசர் ஆட்டத்துல தோக்கறப்பல்லாம்? அதுவும் எழுதியிருக்கா. அந்தப் பாட்டு வந்தா அவர் அடுத்த ஆட்டம் ஆரம்பிப்பார், இன்னும் நேரமாகும்னு வெளிய எல்லாரும் சேர்ந்து மூச்சு விடுவாங்கன்னு..."

தாள்களுக்கு அடியில் கிடந்த ஃபோன், பாதியில் விட்ட ஆட்டத்தின் நேரத்தை எண்ணி முடித்துவிட்டு, தன் முடிவைச் சொன்னது. மூன்று ஸ்வரம், ஒன்றைவிட ஒன்று கீழே. கதவுக்கு வெளியே, நான்கு பெருமூச்சுகள் ஒன்றாகக் கேட்டன.

சித்தி கண்ணிமைக்காமல் அவரைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெருமூச்சில் அக்காவுடையதும் எத்தனை கலந்து போயிருக்கும் என்று நினைத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த நாட்களில்கூட இந்தச் சுவரில் சாய்ந்து, இந்த ஆள் காய் நகர்த்தி முடிக்கக் காத்திருந்திருக்கிறாள். அவரை அந்த உயரமான கூரையிலேயே கட்டித் தொங்கவிட்டால் தேவலாம் போல இருந்தது.

"இதெல்லாம் இணையத்துல ஏத்திடுவாங்கம்மா" என்றார் கைடு. குரல் அடங்கிவிட்டது. "பட்டம் குடுத்த அடுத்த நாளே தீசிஸ் ஊருக்கே பொது. யார் வேணா படிக்கலாம்."

"யாரும் படிக்க மாட்டாங்க சார்" என்றேன். "தைரியமா இருங்க."

"நான் படிச்சேனே!" என்றார் பரிதாபமாக.

சித்தி ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் எழுதினார். கள ஆய்வு நடந்த இடங்கள் அனைத்தும் உண்மையானவை, ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் அலுவலகம் உட்பட, தமக்கு நேரடியாகத் தெரியும் என்று. 'நேரடியாக' என்ற சொல்லைச் சித்திதான் போடச் சொன்னாள். கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது.

"ஆனா அந்த அத்தியாயத்துல ஒரு தப்பு இருக்கு."

"என்ன தப்பு?"

"எல்லா ஆட்டத்துலயும் அவர் தோக்கறார்ங்கற மாதிரி எழுதியிருக்கா. அது தரவுப் பிழை. தோத்தாத்தான் பாட்டு வரும். ஜெயிச்சா சத்தமே வராது. வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?" அவர் முகம் சிவந்திருந்தது. இத்தனை பேரைக் காக்க வைத்ததைப் பற்றி எழுதியது அவருக்கு உறைக்கவே இல்லை. தோற்கிறார் என்று எழுதியதுதான் குத்தியிருக்கிறது.

"எத்தனை தடவை ஜெயிச்சீங்க சார்?" என்று கேட்டேன்.

கைடு கையெழுத்துப் போட்டார். "அது இங்க முக்கியம் இல்ல" என்றார்.

வெளியே வரும்போது சித்தி சுவரில் இருந்த சிவப்பு விளக்கின் சுவிட்சைத் தேடி அணைத்தாள். நான் பெஞ்சைப் பார்த்து, "உள்ளே போங்க, ஆட்டம் முடிஞ்சுது" என்றேன். நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கண்ணை மூடியிருந்த அந்தப் பெண் முதலில் எழுந்தாள்.

அக்காவை இழுத்துக்கொண்டு டீன் அலுவலகத்துக்கு ஓடினோம். செயலாளர் அம்மா அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கம்மா. டீன் சார் ஒரு மீட்டிங்ல இருக்கார்."

அக்கா அங்கே இருந்த நாற்காலியைப் பார்த்தாள். மெத்தை வைத்த நல்ல நாற்காலிதான். "இல்லம்மா, நான் நிக்கறேன்" என்றாள். "உக்காந்தது போதும்." அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மா பூட்டிய அலமாரியைத் திறந்து, கைடின் தாளை வாங்கிப் படித்து, உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது விண்ணப்பத்தின் மேல் டீனின் கையெழுத்து ஈரம் காயாமல் இருந்தது.

"ஏத்துக்கிட்டாச்சும்மா. வாழ்த்துக்கள்."

அக்கா படியில் உட்கார்ந்து அழுதாள். வாய்விட்டு, தோள் குலுங்க அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தட்டிக்கொடுத்தேன். மாமாவுக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மகள் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

"ஏன்டி, அந்த ஆளைப் பத்தியே எழுதி அந்த ஆள்கிட்டயே குடுக்க எப்படித் தைரியம் வந்துது?" என்றாள் சித்தி, அவள் ஃபோனை வைத்ததும்.

"யாரைப் பத்தின்னு நான் சொல்லவே இல்லையே சித்தி." கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா சிரித்தாள். "படிக்கவே மாட்டார்ங்கற தைரியம்தான்."

சித்தி அறையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சீட்டு, செஸ், பாட்டு, பெருமூச்சு, கடைசியில் அவர் கண்டுபிடித்த தரவுப் பிழை. நான் நடித்தும் காட்டினேன். சித்தி சிரித்த சிரிப்பில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எங்கோ பார்த்தாள்.

"ஜெயிச்சா சத்தம் வராதுன்னாரா?"

"ஆமா. அதனால என்ன?"

"அவர் சொல்றது சரிதானே சித்தி? நான் பாட்டு கேட்டதை மட்டும்தான் கணக்குல எடுத்தேன்." அவள் எழுந்து, கைப்பையில் பேனாவைத் துழாவிக்கொண்டே டீன் அலுவலகத்தை நோக்கி நடந்தாள். "மூடறதுக்குள்ள ஒரு அடிக்குறிப்பு சேர்த்துட்டு வந்துடறேன்."

நான் சித்தியிடம் அவளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இனிமே கவலை இல்ல சித்தி. முழு டாக்டர் ஆயிட்டா."

அக்கா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"ஆயிட்டா இல்லடா. பட்டமளிப்பு நடந்தாத்தான்."